எரியாத கட்சி

வாசிக்கிறவரே, உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராகவும் அழைத்திருக்கலாம், மேடையில் நின்று பழகியவனுக்கு அதுவே வசதி. நடுவர் இரு பக்கமும் கேட்பார், தீர்ப்பைச் சொல்வார், தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார். சாட்சிக்கு அப்படிப் புறப்பட அனுமதி இல்லை. எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தின் வாசலருகே, சுவரோரம் அடுக்கிய மேசைகளுக்குப் பக்கத்தில், உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே நில்லுங்கள். என் அப்பா அந்த வாசலைத் தாண்டுகிறாரா, இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். அன்றைக்கு நானும் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கம். பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் கீழே இறங்க வேண்டும். கார்த்திகை மழையோடு பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், அதற்கு அஞ்சியதில்லை. சென்ற கார்த்திகையில் வந்தது வேறு. புயல் கடலில் பிறக்கிறது என்று புவியியல் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். கடலை ஒருநாளும் கண்டிராத பெண்களின் கூரைத் தகரங்களை அது மலையேறி வந்து பிடுங்கியது. பசறைப் பாதையில் மண் விழுந்து பஸ் நின்றது. மின்சாரம் போனது. கைத்தொலைபேசியில் சமிக்ஞைக் கோடுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. பதுளை நகரம் எங்களுக்கு வெளிநாடாகிவிட்டது.

அந்த நகரத்தில்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். அதன் விவாத மேடைகளில் என்னை அறியாதவர் குறைவு. அடக்கம் கருதி இதை மறைத்தால் பொய்யாகும். அடிவயிற்றிலிருந்து குரலை எடுக்கவும், எதிரணியின் கடைசி வாக்கியத்தை என் முதல் வாக்கியமாகத் திருப்பிப் போடவும், கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தவும் பயின்றவன். வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்தில், ஓரறைக் காம்பராவில் அரிசி டின்னுக்கு மேலே பலகை அடித்து அப்பா என் பரிசுக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார். விடுமுறைக்கு வந்தவன் மழையில் அகப்பட்டுக்கொண்டேன்.

அன்று காலை, விறகு பொறுக்க மேலே போன ஒருவர், எங்கள் கீழ் லயத்துக்கு நேர்மேலே தேயிலைச் சரிவில் ஒரு வெடிப்பைக் கண்டார். செடி வரிசைகளுக்குக் குறுக்கே, கால் நுழையும் அகலத்தில், மலையின் ஒரு மடிப்பிலிருந்து மறு மடிப்புவரை கிடந்ததாம். கிராம உத்தியோகத்தர் உடைந்த குடையோடு நடந்தே வந்து லயத்து வாசலில் நின்று கத்தினார். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம். அம்மா அரிசியையும் மிளகாய், மஞ்சள் டப்பாக்களையும் எடுத்தார். நான் என் சான்றிதழ் உறையை எடுத்தேன். மாட்டை எவரும் அவிழ்க்கவில்லை.

வெளியூரார் இதை மடமை என்பார்கள். எங்கள் தோட்டத்தில் மழை கட்டினால் மாட்டை அவிழ்ப்பதில்லை, இறுக்கிக் கட்டுவோம். இடிக்கு மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடும் மாடு இளந்தேயிலைக்குள் இறங்கிவிடும். காவல்காரர் அதைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்துவிட்டால், கெஞ்சிக் கூத்தாடி மீட்பதற்குள் மடி வற்றிவிடும். ஆகவே மேகம் கறுத்தால் இரட்டை முடிச்சு. கைகள் தாமாகவே செய்யும் காரியம் அது. எங்கள் லயத்தில் அப்போது மாடு வைத்திருந்தது எங்கள் வீடு மட்டுந்தான். நிறைசினை, நாள் நெருங்கியிருந்தது. அப்பா விடியலில் தொழிற்சாலைக்குப் புறப்படும்போது, காற்று தூக்கிய கூரைத் தகரங்களை இறக்கிக் கட்டுவதற்காகப் போகும்போது, தம் கையாலேயே இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்.

நண்பகலுக்குச் சற்று முன் அவர் தொழிற்சாலையிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலையைத் துவட்டுவதற்கு முன்பே கேட்டார்.

“மாடு எங்க?”

அம்மா துண்டை நீட்டினார்.

“கட்டுனபடியேவா இருக்கு?”

“நீங்கதானே கட்டுனீங்க” என்றார் அம்மா மெல்ல.

அப்பா துண்டை வாங்கவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பினார். அப்போது நான் எழுந்தேன்.

நான் பேசியதை முழுவதும் இங்கே எழுதப் போவதில்லை. நன்றாகவே பேசினேன். மழை தகரத்தில் அடிக்கும் ஓசைக்கு மேலே குரலை ஏற்றி, பயிற்சி தந்த நிதானத்தோடு, வெடித்த மலை ஆளுக்கும் மாட்டுக்கும் வேறுபாடு பார்க்காது என்றும், கீழே போய்த் திரும்ப எடுக்கும் நேரம் அவருடையது அல்ல, எங்கள் எல்லாருடையது என்றும், ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் ஒரு குடும்பத்தின் முடிச்சை அறுக்கலாகாது என்றும் அடுக்கினேன். மண்டபத்தில் இருந்தவர்கள் உண்மையிலேயே கைதட்டினார்கள். என் மாமன் முறையான பக்கத்துக் காம்பராக்காரர், கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பவர், “போட்டான் பாரு!” என்று மேசையைத் தட்டினார்.

அப்பாவும் கடைசிவரை கேட்டார். அவர் என் பேச்சை எப்போதும் அப்படித்தான் கேட்பார்; வாய் லேசாகத் திறந்திருக்கும்.

“நல்லா பேசுற தம்பி” என்றார். “மாடு கேக்குமா இத?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எத்தனையோ எதிரணிகளைக் கண்டவன். கைதட்டிவிட்டு எழுந்து போகிற எதிரணியை அன்றுதான் கண்டேன். கொழுந்து பறிக்கும்போது செடி கீறாமல் இருக்க அம்மா இடுப்பில் கட்டும் கனத்த பிளாஸ்டிக் படங்கு ஒன்று ஆணியில் தொங்கியது. அப்பா அதை உருவித் தலைமேல் போட்டுக்கொண்டார். அம்மா அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“விடு புள்ள. போனேன் வந்தேன்னு வந்துருவேன்.”

“போனேன்னு சொல்லுவீங்க. வந்தேன்னு யாரு சொல்றது?”

“அதுக்கு நாலு காலு இருக்கு. கயிறுதான் விட மாட்டேங்குது. வாயில்லாததக் கட்டிப்போட்டுட்டு நாம இங்க பிளேன்டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம்.”

“வயித்துல புள்ளையோட நிக்கிது, எனக்கு மட்டும் தெரியாதா?” அம்மாவின் குரல் உடைந்தது, கை மட்டும் நுனியை விடவில்லை.

இதற்குள் மண்டபத்தின் மறுகோடியில் பிஸ்கட் டின் ஒன்று தப்பு மேளமாக ஒலிக்கத் தொடங்கியிருந்தது. உங்களை அந்தப் பக்கம் திரும்பச் சொல்ல மறந்துவிட்டேன். அங்கே பிள்ளைகள் காலையிலிருந்தே கூத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். கம்பம் ஊன்றி, சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிற மன்மதனை அவன் மனைவி ரதி தடுப்பதையும், தடுத்தும் கேளாமல் போனவனைச் சிவன் எரிப்பதையும், ரதி அழுத கண்ணீருக்கு இரங்கி அவனை மறுபடி எழுப்புவதையும் நாட்கணக்கில் ஆடுவார்கள். மாசிக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டில்லை. வாளியில் கல்லைப் போட்டு விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு, உச்சியில் தேயிலைக் கொப்பு ஒன்றைக் கட்டி, அதுதான் கம்பம் என்றார்கள். மன்மதனுக்குக் கோடு போடும் அடிமட்டம் வில்லாயிற்று. கரும்பலகையில் எழுதும் சோக்கை நனைத்து முகத்தில் பூசியிருந்தார்கள். வெளியே மலை வெடித்துக் கிடப்பது அவர்களுக்கும் தெரியும். இடி விழுந்தபோதெல்லாம் ஒரே மூச்சில் அலறிவிட்டு, அலறியதற்காக ஒரே மூச்சில் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்கள்.

அவர்களுக்குத் தலைவி, கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் பத்து வயதுப் பெண். கூத்தில் ரதி வேடம் ஆண்கள்தாம் போடுவது, அவள் அதை இரண்டே சொல்லில் தள்ளிவிட்டு (“அது பெரியாளுங்களுக்கு!”) தானே ரதியாகியிருந்தாள். தன் அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு, மன்மதனான ஒரு பொடியனின் சட்டையைப் பிடித்து இழுத்து, “போகாதீங்க ராசா, போற திக்கு நல்லால்ல” என்று ராகமாய் அழுதாள். பொடியன் வழியில்லாமல், “விடுடி, பட்டன் பிஞ்சிரும்” என்றான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. படங்கின் நுனியைப் பிடித்தபடி அந்தப் பிள்ளையையே பார்த்தார். அப்பாவும் ஒரு கணம் பார்த்தார். பிறகு வெடுக்கென்று இழுத்து நுனியை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“மாமா! மாமா, நில்லுங்க!”

ரதி ஓடி வந்து குறுக்கே நின்றாள். கையில் மஞ்சள் தோய்ந்த நூல் ஒன்று. அம்மாவின் டப்பாவிலிருந்து எப்போது மஞ்சள் எடுத்தாளோ தெரியாது.

“கையை நீட்டுங்க.”

“என்னா புள்ள இது, வெளையாடுற நேரமா?”

“சிவனுக்கு ஆளில்ல மாமா. எல்லாப் பயலும் மன்மதனாத்தான் வருவேங்கிறான். நீங்கதானே எப்பவும் சிவன்?”

அப்பா பல வருடங்களாகச் சிவன். மாசி வந்தால் தோட்டத்துப் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டு ‘சிவன் மாமா’ என்பார்கள். அவசரத்தில் இருப்பவர் பிள்ளையின் தொல்லையைக் கழிக்க என்ன செய்வாரோ அதைச் செய்தார். மனம் முழுவதும் கீழே இருக்க, வலக்கையை நீட்டினார். அவள் நூலைச் சுற்றி முடிந்தாள். பல்லால் நுனியைக் கடித்தாள். பிறகு இரண்டு அடி பின்வாங்கி, தப்பு அடிக்கிற பொடியனுக்குக் கண் காட்டிவிட்டு உரக்கச் சொன்னாள்:

“காப்புக் கட்டியாச்சு! எல்லை தாண்டக்கூடாது! வாசப்படிதான் எல்லை!”

வாசற்படியில் அவர்கள் ஏற்கெனவே சோக்கால் கோடு போட்டிருந்தார்கள்.

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. காப்பு என்றால் என்னவென்று அந்த மண்டபத்தில் தெரியாதவர் எவருமில்லை. வேடக்காரர் கையில் மஞ்சள் நூல் ஏறியது முதல், காமன் எழும்பிய பின் அந்த நூல் அவிழும்வரை அவர் தோட்டத்து எல்லையைத் தாண்டுவதில்லை. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். என் சித்தப்பா தோட்டத்துக்கு வெளியே, ஹாலிஎலையில் இறந்தபோது அப்பாவின் கையில் காப்பு இருந்தது. அவர் எல்லைக்கல் வரை ஓடினார். அதைப் பிடித்துக்கொண்டு அழுதார். உடன்பிறந்தவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினார். அது பெரியவர்கள் கட்டிய காப்பு. இது விளையாட்டு. ஆனால் மஞ்சள் மஞ்சள்தானே, நூல் நூல்தானே?

அப்பா மணிக்கட்டைப் பார்த்தார். இடக்கை விரல் நூலுக்குள் நுழைந்தது. ஓர் இழுப்புப் போதும்.

விரலை வெளியே எடுத்தார்.

“சரி. சட்டுப்புட்டுன்னு முடிங்க” என்றார். “எரிக்கிறேன், எழுப்புறேன், அவுத்துவிடு. நான் போகணும்.”

படங்கைத் தோளில் போட்டபடியே கம்பத்தடிக்கு வந்து சம்மணமிட்டார். அவ்வளவு கோபமான தவத்தை எந்தச் சிவனும் செய்திருக்க முடியாது. மன்மதன் அடிமட்டத்தை வளைக்கப் பார்த்து முடியாமல், “டிங்” என்று வாயால் அம்பு விட்டான். அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்த பார்வைக்குப் பையன் நிஜமாகவே பயந்து மூன்றடி தள்ளி விழுந்தான். பிள்ளைகள் அவன்மேல் சோக்குத்தூளைக் கொட்டி, “எரிஞ்சிட்டான், எரிஞ்சிட்டான்!” என்று குதித்தார்கள்.

“எழுப்பு” என்றார் அப்பா.

“வழக்கு இருக்கு மாமா.”

“என்னா வழக்கு?”

“எரிஞ்ச கட்சி, எரியாத கட்சி. அது இல்லாம எழுப்ப ஏலாது.” அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து என்மேல் விரலை நீட்டினாள். “நான் எரிஞ்ச கட்சி. அண்ணே, நீங்க எரியாத கட்சி.”

கூத்தில் இப்படி ஒரு வழக்காடல் உண்டு. காமன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் எதிரெதிர் நின்று பாடும். தப்புக்கார மாமா பிஸ்கட் டின்னைப் பொடியனிடமிருந்து பறித்துக்கொண்டு, “வாடா மாப்ள, ஒன் கப்பெல்லாம் இங்க செல்லுதான்னு பாப்போம்” என்றார்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. வழக்கு நடக்கும்வரை காமன் எழும்பமாட்டான். காமன் எழும்பும்வரை காப்பு அவிழாது. காப்பு அவிழும்வரை அப்பா வாசலைத் தாண்டமாட்டார். இதுவரை வெல்வதற்காகவே பேசியவன் நான். முதன்முறையாக, முடியாமல் இருப்பதற்காகப் பேச வேண்டும்.

“நடுவர் யாரு?” என்று கேட்டேன்.

“நானிருக்கேன்” என்றார் அம்மா. என்னுடைய ஒரு விவாதத்துக்கும் வந்திராதவர். மலையில் கொழுந்து எடுக்கிற நேரத்தில்தான் என் மேடைகள் நடக்கும். இப்போது அப்பாவுக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

தொடங்கினேன். காமன் எரியவில்லை என்றேன். எரிந்திருந்தால் இந்தத் தோட்டத்தில் கல்யாணம் எப்படி நடக்கிறது, பிள்ளை எப்படிப் பிறக்கிறது, இந்த எதிர்க்கட்சித் தலைவி எங்கிருந்து வந்தாள் என்று கேட்டேன். சிரிப்பு எழுந்தது.

“எரியலன்னா ரதி எதுக்கு அழுதா?” என்றாள் அவள்.

“அவன் சொல்லாமல் போன கோபத்தில் அழுதாள்.”

“சொல்லிட்டுத்தான் போனான்! நான்தான் சட்டையப் பிடிச்சேன்!”

“பட்டன் சாட்சி!” என்று தரையில் எரிந்துகிடந்த மன்மதன் தலையைத் தூக்கிச் சொன்னான். “செத்தவன் பேசாதடா” என்று எல்லாரும் அவனை அமுக்கினார்கள்.

“அப்ப இந்தச் சாம்பல் யாரோடது?” அவள் சோக்குத்தூளை அள்ளி என் மூக்குக்கு நேரே காட்டினாள்.

“கரும்பு வில்லின் சாம்பல்.”

“அடிமட்டம் முழுசா இருக்கே அண்ணே!”

மண்டபம் அதிர்ந்தது. நான் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். தோற்றாலும் வழக்கு முடிந்துவிடும். வேர்த்தது. பாட்டாகச் சொன்னால் நேரம் கூடும் என்று கூத்து மெட்டில் இழுத்தேன். எனக்குப் பாட வராது. அது பிள்ளைகளுக்குப் பேரின்பமாயிற்று. நான் சுருதி தவறும் ஒவ்வோரிடத்திலும் அவர்கள் கூடவே தவறினார்கள். கிழவிகள் வாய்பொத்திச் சிரித்தார்கள். நானும் என்னை மறந்து சிரித்தேன். வெடித்த மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சிரிக்கலாம் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

அப்பா மட்டும் கம்பத்தடியில் அசையாமல் வாசலைப் பார்த்திருந்தார்.

அப்போது வெளியே போயிருந்த ஒருவர் நனைந்து ஓடிவந்தார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“பீலி நின்னுபோச்சு.”

லயத்துப் பிள்ளைகள் குளிப்பதும் பெண்கள் குடம் பிடிப்பதும் மலையிலிருந்து குழாய் வழியாக விழும் அந்தப் பீலியில்தான். கோடையிலும் அது நின்றதில்லை. காலையில் செம்மண் நிறமாக வந்தது. இப்போது, இந்த மழையில், நின்றுவிட்டது. தண்ணீர் மலைக்கு உள்ளே வேறு வழி பிடித்துவிட்டது, சரிவு இனி நிற்காது என்பதை எவரும் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா எழுந்தார்.

“புள்ள, அவுத்துவிடு.”

பெண் என்னைப் பார்த்தாள், நடுவரைப் பார்த்தாள். சுற்றியிருந்த சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள்:

“தீர்ப்புச் சொல்லலியே மாமா.”

அப்பா அம்மாவிடம் திரும்பினார். “சொல்லு. யாரு கெலிச்சா சொல்லு. ஒனக்குக் கும்பிடு போடுறேன்.”

அம்மா நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ரெண்டு பேருமே என்னைய இன்னும் நம்பவைக்கல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, எனக்கு இதுவரை எந்த நடுவரும் தராத கட்டளையைத் தந்தார். “பேசு.”

பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. அடிவயிற்றுக் குரலும் நிறுத்தங்களும் போய்விட்டன. எரியவில்லை, எரியவில்லை என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் கண்களை விடாமல் பிடித்திருந்தேன். எரிந்த கட்சிக்காரியும் என்னோடு சேர்ந்து கத்தினாள். மற்றப் பிள்ளைகளும் கட்சி மாறிக் கத்தினார்கள். தப்புக்கார மாமா டின்னை உடைந்துபோகும்படி அடித்தார். அப்பாவின் விரல் மறுபடி நூலுக்குள் நுழைந்திருந்தது. நூல் இறுகி மணிக்கட்டில் பதிந்தது. அறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

முதலில் ஓசை வரவில்லை. தரை ஒருமுறை நெளிந்தது. மேசைகள் ஒன்றோடொன்று உரசின. பிறகுதான் கற்களைக் கொட்டுகிற லொறிகள் வரிசையாக வந்ததுபோல் நீளமாக, முடியாமல், கீழேயிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் மண்டபத்துக்குள் பச்சை மண்ணின் வாடை நிறைந்தது. புதுக்குழி வெட்டும்போது வருமே, அந்த வாடை.

ஆண்கள் பள்ளி மைதானத்தின் விளிம்புக்கு ஓடினோம். அப்பாவும் ஓடினார், அப்போது எவரும் வாசற்படிச் சோக்குக் கோட்டை நினைக்கவில்லை. கீழ் லயத்தின் பின்பக்கத்துச் சுவர்களைக் காணவில்லை. எங்கள் காம்பராவுக்குள் கூரை வரைக்கும் மண் நின்றது. மாட்டுப் பட்டி இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள், வேரோடு, நிமிர்ந்தபடியே, அங்கேயே முளைத்தவைபோல் நின்றன. அப்பா அந்தச் செடிகளைப் பார்த்தார். திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

ஓர் உயிரும் போகவில்லை என்று பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அப்பாவின் அருகே போய் நின்றேன். அவர் தலைநிமிராமல் கேட்டார்:

“எரியல எரியலன்னு அம்புட்டு நேரம் பேசுனியே. மாடு?”

அன்று முழுவதும் அவர் சோற்றைத் தொடவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் நூல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை மழை தூறலாகியிருந்தது. எங்கள் பாதை இன்னும் அடைபட்டே கிடந்தது. பிள்ளைகள் முதலில் மூலையில் ஒடுங்கியிருந்தார்கள். பிறகு குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். கடைசிக் காம்பராப் பெண்ணுக்கு இனிக் காம்பராவே இல்லை; இருந்தும் அவள்தான் எழுந்து வந்தாள்.

“மாமா, காமன் இன்னும் எழும்பல.”

“விடு புள்ள” என்றாள் அவளுடைய அம்மா. “மாமாவத் தொந்தரவு பண்ணாத.”

“எரிச்சவுக எழுப்பாம விடலாமா? அது எல்லாருக்கும் ஆகாதுன்னு நீதானே சொல்லுவ?”

மண்டபத்தில் எவரும் மறுக்கவில்லை. எரித்த காமனை எழுப்பாமல் விட்ட வருடம் என்று எங்கள் தோட்டத்தில் ஒன்றும் கிடையாது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கம்பத்தடிக்கு நடந்தார். மன்மதன் அவசரமாகத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் பக்கத்தில், அம்மாவின் படங்கைப் போர்த்துக்கொண்டு, நாலு கால்களில், இன்னொரு பிள்ளையும் வந்து படுத்தது. வயிற்றில் ஒரு புத்தகப்பையைக் கட்டியிருந்தது.

“இது யாரு?” என்றார் அப்பா.

“மாடு” என்றாள் ரதி. “ரதி அழுதா காமன எழுப்புறாருல்ல சிவன்? நாங்க எல்லாரும் அழுதோம். இதையும் எழுப்பணும்.”

இவ்வளவு துணிந்தவர்களைப் பெரியவர்கள் அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். போர்வைக்குள்ளிருந்து, பொறுமை இழந்த மாடு, கீச்சுக்குரலில் “ம்மே” என்றது.

“டேய்” என்றார் அப்பா. “எங்க மாடு ஆட்டுக்குட்டி மாதிரியா கத்தும்?”

“பின்ன எப்பிடி மாமா?”

அவர் குனிந்தார். கழுத்தை முன்னே நீட்டி, தாடையை ஒருபக்கம் இழுத்து, அடித்தொண்டையிலிருந்து தாழத் தொடங்கி, நடுவில் உடைந்து, மேலே எழும்பி நின்ற ஓர் ஓசையை எழுப்பினார். அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அது எங்கள் மாடுதான். பட்டிக்குப் பக்கத்தில் அவர் காலடி கேட்டதும் அது எழுப்பும் குரல். பிள்ளைகளில் ஒருவர், இருவர், பிறகு எல்லாரும் கழுத்தை நீட்டித் தாடையை இழுத்தார்கள். மண்டபம் முழுவதும் எங்கள் மாடு கத்தியது. “அப்பிடி இல்லடா, நடுவுல ஒடையணும்” என்று அப்பா ஒவ்வொருவராகத் திருத்தினார். திருத்திக்கொண்டே சிரித்தார், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. பிறகு கையை உயர்த்திக் காமனை எழுப்பினார். படங்கை விலக்கி மாட்டையும் எழுப்பினார். புத்தகப்பையிலிருந்து கன்று வெளியே வந்தது. அது ஒரு ரப்பர்ச் செருப்பு.

பெண் அவர் மணிக்கட்டில் காப்பை அவிழ்த்தாள். நூல் இருந்த இடத்தில் சிவந்த வரி ஒன்று இருந்தது. அவர் அதைத் தேய்த்துக்கொண்டே, நேற்றிலிருந்து முதன்முறையாக, என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘மாடு?’ என்ற நேற்றைய கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தயாரித்த வாக்கியம் ஒன்றும் என்னிடம் இல்லை. மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி, எங்கள் லயத்துப் பேச்சிலேயே சொன்னேன்:

“அப்பா, எல்லாரும் இருக்கீங்க, கேட்டுக்கங்க. இனி மழை கட்டுனா மொதல்ல போயி மாட்ட அவுத்துவிட்டுட்டுத்தான் நான் வாயத் தொறப்பேன். நம்ம மாடுன்னு இல்ல. யாரு பட்டியில கட்டிக் கெடந்தாலும்.”